தீட்டு யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்த் தலைவர் அம்பலம் என் மாவு மில்லுக்கு வந்தார். கையில் தூக்குவாளி இல்லை, மிளகாய் மூட்டை இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது — வம்பு!

"இந்த வருஷம் முளைப்பாரிக் கும்மிக்கு நீ ஓரமா நின்னுக்க ஆத்தா. வீட்டுல பிள்ளை பொறந்த தீட்டு இருக்குல்ல" என்றார்.

ஓரமாகவா? நானா?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். அரிமளம் பக்கம் ஆயில் எஞ்சின் வைத்து மில் நடத்தும் பொம்பளை வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள். பன்னிரண்டு வருஷமாக எங்கள் அம்மன் கோயில் கும்மிக்கு வருஷம் ஒரு புதுப்பாட்டுக் கட்டி, நடுவில் நின்று பாடுகிறவளும் நான்தான். இந்த வருஷப் பாட்டு, கண்மாய் ஏன் நிறையவில்லை என்று அம்மனிடமே நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. அதைக் கட்ட நான் பட்ட பாடு...

மகள் செல்லம் தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு அடி வாயில் வரும்போது பிள்ளை அழும். எடுத்துத் தட்டினால் அடுப்பில் பூண்டுக் குழம்பு பொங்கும். அதை இறக்கினால் மில்லில் கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் அந்த அடியைக் காணோம். பாட்டுக் கட்டுகிற ஆம்பிளை யாரையாவது குழம்பை இறக்கச் சொன்னது உண்டா?

இத்தனைக்கும் பிறகு ஓரமாக நின்றால், நடு இடம் கீழத்தெருக் காளியம்மாளுக்குப் போய்விடும். ஒரு தடவை போனால் திரும்பி வராது. அவளும் எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறாள் — அதே பழைய பாட்டோடு.

எஞ்சினை நிறுத்தினேன்.

"அம்பலம், அந்தப் பிள்ளைக்குப் பேரு வைக்கிறது யாரு?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரவுக."

"முடி எறக்குறது?"

"அவுக குலசாமிக்கு."

"பங்காளி?"

"அவுகதான்."

"எல்லாம் அவுகளுக்கு. தீட்டு மட்டும் எனக்கா?"

மிளகாய் அரைக்க நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயில் பக்கம் குலவை கேட்கிறது. செல்லத்துக்கு வெந்நீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் அவளைக் குளிக்க உட்கார வைத்திருக்கிறாள். பிள்ளை என் மடியில்... நான் எப்படி எழுந்திருப்பது?

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வந்தார். தாலுகா ஆபீஸ் கிளார்க். எப்போது வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தடி தள்ளியே பிள்ளையைப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போவார். மாப்பிள்ளைக்கு எதிரே நின்று மாமியார் பேசுவதுகூட எங்கள் பக்கம் வழக்கமில்லை.

அன்றைக்குப் பேசினேன்.

"ஒங்க வீட்டுப் பிள்ளைதான் மாப்பிள்ளை. அரை மணி நேரம் வச்சுக்கங்க."

மடியில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காப்பி போட நின்றுவிடுவேன் — பாழாய்ப்போன பழக்கம்!

நடுவில் நின்று பாடினேன். நான் கட்டிய பாட்டுகளிலேயே இதுதான் முதல் தரம். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

திரும்பி வந்தால் வாசலில் பாதித் தெரு நிற்கிறது. மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், வேட்டி நனைந்து. பிள்ளை தூங்குகிறது. செல்லம் குளித்துவிட்டு வந்து கேட்டதற்குக்கூடக் கொடுக்கவில்லையாம் — அவள் எழுப்பிவிடுவாளாம்!

மறுநாளே சம்பந்தியம்மாள் ஆள் விட்டுக் கேட்டாள், "எங்க மகன் என்ன ஒங்க வீட்டு ஆயாவா?"

இன்றுவரை ஊரில் மாப்பிள்ளை பிள்ளை வைத்திருந்ததுதான் பேச்சு. பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.