என் மேல் விழுந்த சமையல்காரர்

எல்லையில் எங்கள் முகாமின் மேல் ஷெல் விழத் தொடங்கியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷோடு ஓடிப் பதுங்குகுழிக்குள் குதித்தேன். பின்னால் ஓடிவந்த எங்கள் சமையல்காரர் என் மேல் குதித்தார். நூறு கிலோவுக்குக் குறையாத பீகார்க்காரர். என் வலது கால் எலும்பு அங்கேதான் முறிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சமையல் கூடாரத்தில் நின்ற இன்னொரு சமையல்காரர் வரவில்லை. அவர் ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. நாங்கள் வெளியே வந்தபோது கூடாரமே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“குண்டு படலம்மா. சமையல்காரரு மேல வுழுந்துட்டாரு.”

“நான் அழுவேன்னுதானே இப்படிச் சொல்ற?” என்று அம்மா அழுதார்.

நான் காலில் குண்டை மறைத்து வைத்திருக்கும் செய்தி அன்று மாலைக்குள் எங்கள் ஊரான முசரவாக்கம் முழுக்கப் பரவிவிட்டது.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர். யாரோ ஒருவரின் உடம்பில் என் தலை. கையில் நான் தொட்டுக்கூடப் பார்க்காத துப்பாக்கி. நான் வயர்லெஸ் இயக்குபவன். மேளத்தோடு வந்திருந்த கவுன்சிலர் என் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

“குண்டு எங்கபா? கண்ணாடிப் பெட்டில வெச்சிடலாம்.”

“குண்டே படலண்ணா.”

“டாக்டரே வெச்சிக்கினாரா? பரவால்ல, வேற ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

சில வாரங்கள் கழித்துச் சமையல்காரர் என்னைப் பார்க்கவென்றே வந்தார். என் காலை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம். ஒரு புட்டி கடுகெண்ணெய் கொண்டுவந்திருந்தார். அன்று காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கவுன்சிலர் அவரையும் மேடையேற்றினார். அவர் இந்தியில் பேச, நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

“நான்தான் இவர் மேல் விழுந்தேன்.”

கைதட்டல் அடங்கவில்லை. “குண்டு வந்தப்ப இவருதான் குறுக்க வுழுந்து காப்பாத்திக்கிறாரு!” என்று யாரோ கத்தினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று சமையல்காரர் என்னைக் கேட்டார். உங்களைப் பிடித்துப்போய்விட்டது என்றேன். உற்சாகமாகிவிட்டார்.

“என் எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.”

முன்வரிசை எழுந்து நின்று தட்டியது.

பிறகு அடுப்பை அணைக்க நின்றவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உருளைக்கிழங்கு உரிக்கும்போது பாடுவார், பாட்டே வராது என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கவுன்சிலர் என் பக்கம் சாய்ந்தார்.

“அவரு எந்த ஊரு?”

“ஒடிசா.”

“ஓ,” என்றவர் மைக்கை வாங்கினார். “அடுத்ததா கோலப் போட்டிப் பரிசளிப்பு!”

எங்கள் கையில் ஆளுக்கொரு தட்டுக் கேசரி வந்தது. சமையல்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, “அவன் செய்தால் இவ்வளவு கட்டியாக இருக்காது,” என்றார். பிறகு முழுவதும் சாப்பிட்டார்.

பரிசு வாங்க வருபவர்களுக்கு வழிவிட நாற்காலிகளைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். நான் ஊன்றுகோலைத் தேடுவதற்குள், சமையல்காரர் என்னையும் சேர்த்தே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு நடந்தார். அதற்கும் கைதட்டினார்கள்.