வாசுகி அழித்த ஹேஷ் குறி

புதுக் குடை வாங்கியாயிற்று. பழைய குடையும் வாசுகியின் கைப்பையிலேயே இருக்கிறது. கரியாஹாட் கடைத்தெருவின் மழை ஒன்றில் புதியது தாக்குப்பிடித்துக் காட்டினால்தான் பழையதற்கு விடுதலை. பால்காரரை மாற்றியபோதும் ஒரு வாரம் இரண்டு பேரிடமும் பால் வாங்கினார். கணவர் பத்மநாபன் அந்த வாரம் முழுவதும் பாயசம் குடித்துவிட்டே துறைமுக அலுவலகத்துக்குப் போனார்.

வாசுகிக்கு மத்திய அரசு அலுவலகத்தில் கணினிப் பிரிவு. லினக்ஸ் கணினிகளின் அமைப்புக் கோப்புகளில் எந்த வரியையும் அழிக்கமாட்டார். அதன் தலையில் '#' என்று ஒரு ஹேஷ் குறி போடுவார். வரி அங்கேயே இருக்கும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. "அழிச்சா போச்சு. தூங்க வெச்சா எப்ப வேணா எழுப்பிக்கலாம்" என்பார். மேல்வீட்டு வங்காளித் தோழி ரஞ்சனாவின் துளசித் தொட்டித் தண்ணீர் வாசுகி காயவைத்த வடாம் மேல் சொட்டிப் பேச்சு முறிந்தபோது, கைபேசியில் அந்தப் பெயரின் தலையிலும் ஒரு ஹேஷ் விழுந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் மின்மீட்டரைப் பார்ப்பார்கள். பாலிகஞ்சில் இருந்த ஒரே தோழியும் போனது வாசுகிக்கு வலிக்கத்தான் செய்தது.

போன ஞாயிறு ரஞ்சனாவே மடிக்கணினியோடு வாசலில் நின்றார். அவர் தொகுத்த பூஜைச் சிறப்பிதழ் சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போகவேண்டும். கணினியோ பக்கங்களைச் சேமிக்கக்கூட விடாமல் திணறியது. "கொஞ்சம் பாருங்க" என்றார். வாடி போடி என்று பேசியவர் 'பாருங்க' என்றது சுருக்கென்றது.

நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை இறக்கிவைக்க வட்டில் ஓர் இடம் உண்டு, ஸ்வாப் என்பார்கள். ரஞ்சனாவின் கணினியில் அது தேய்ந்துபோன பழைய வட்டில் இருந்தது. கூடவே இருந்த புது வட்டில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது.

"ஆரே பாபா, அந்தப் பழசைத் தூக்கி எறிஞ்சா ஆச்சு!"

"எறிஞ்சா அதுல கிடக்கிற உங்க பக்கமெல்லாம் அதோட போயிடும், தீதி. முதல்ல அதுக்கெல்லாம் வேற இடம் வேணும்."

புது ஸ்வாப்பை அமைத்து, இயக்கி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகே பழையதை நிறுத்தினார். உள்ளே கிடந்ததெல்லாம் ஆமை வேகத்தில் இடம் மாறியது. பத்மநாபன் கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. ஒருவழியாகப் பக்கங்கள் பத்திரமாகச் சேமிப்பில் விழுந்தன. அமைப்புக் கோப்பில் புது வரி சேர்த்து, பழைய வரிக்கு ஹேஷ் போட்டு, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பியும் பார்த்தார் வாசுகி.

ரஞ்சனா திரையை எட்டிப் பார்த்தார். "இன்னும் எதுக்குடி அந்தப் பழைய வரி? அழிச்சுத் தொலையேன்!"

வாசுகி அதைத் தொடவில்லை. கைபேசியை எடுத்து, ரஞ்சனாவின் பெயருக்கு முன்னால் இருந்த ஹேஷ் குறியை அழித்தார்.