முப்பத்திரண்டாவது படம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இது நடந்த பிறகும் கிடையாது. ஆனால் இது நடந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று என்னை மடக்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

நடுநிசி, நாய் ஊளை, சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு, என் அலுவலகத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சம்பள உயர்வு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஆவணங்களைப் படம்பிடித்து மைக்ரோபிலிமாக மாற்றும் பிரிவில் எனக்கு வேலை. மேசையகலப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடுவோம். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வோர் எண்ணும் தெரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பேருந்து டிக்கெட்டைக்கூட இரண்டு முறை படிக்கிற ஆளாகிவிட்டேன்.

என் அக்காவிடம் ஒரு குட்டிக் கேமரா இருந்தது. ஆள்காட்டி விரல் நீளம், தீப்பெட்டியைவிட ஒல்லி. யாரோ பழசாக விற்றதை ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள். அதில் விழும் படம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டுப் பெரிதாக்கினால், முகத்தில் மணலை அள்ளிக் கொட்டினது போல இருக்கும். எங்கள் ஆபீஸ் பிலிம் வேறு ரகம். அதன் துகள் அவ்வளவு நுண்மை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரியும். ரோல் முடிவில் மிஞ்சும் துண்டுகளை நான் எடுத்து, ரிப்பன் மாதிரி ஒல்லியாக வெட்டி, அக்காவின் கேமராவுக்குக் கொடுப்பேன். சூப்பர்வைசருக்குத் தெரியும். "குப்பைக்குப் போறதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வெட்டுவதற்கு அக்காவே மதிய இடைவேளையில் வந்துவிடுவாள். முழு இருட்டில் செய்ய வேண்டிய வேலை. ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான் இழுப்பேன். பேசக்கூடாது. பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரும், கை ஆடும், வெட்டு கோணிவிடும். அதனால் பிடித்துவிட்டேன் என்று சொல்ல மேசையில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டுவாள்.

டக்... டக்.

அப்புறம் நான் இழுப்பேன்.

அந்த பிலிமுக்கு ஒரு குறை உண்டு. துகள் எவ்வளவு நுண்மையோ, அவ்வளவு மந்தம். வீட்டுக்குள் எடுத்தால் அரை வினாடி அசையாமல் இருக்க வேண்டும். என் அக்காவுக்கும் அசையாமைக்கும் ஏழாம் பொருத்தம். எத்தனையோ முறை அவளை உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான். வீட்டில் எல்லோரையும் அவள் எடுத்தாள். அவள் முகம் தெளிவாக இருப்பது கல்யாணப் படத்தில் மட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கேமராவோடு ஒரு மெல்லிய சங்கிலி வரும். கிட்டத்தில் முகத்தை எடுக்கும்போது தூரம் அளக்க. ஒரு முனை கேமராவில் மாட்டியிருக்கும். மறுமுனையை எதிரில் இருப்பவர் கன்னத்தில் வைத்து இழுத்துப் பிடித்தால் தூரம் சரி. பிறகு சங்கிலியை விட்டுவிட்டுப் பட்டனை அழுத்த வேண்டும். அக்காவின் மகள், நாலு வயது, நாங்கள் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம், அவளுக்கு இந்த அளக்கிற விளையாட்டு உயிர். ஆனால் ஒரு தடவைகூடச் சங்கிலியை விட மாட்டாள். அவள் எடுத்த படத்தில் எல்லோர் கன்னத்திலிருந்தும் ஒரு சங்கிலி தொங்கும்.

படம் எடுக்காதபோது அக்கா அதைக் கழற்றி மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள்.

ஏழாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு அக்கா இறந்துபோனாள். நாலே நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அதைப்பற்றி மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒன்பதாம் தேதி அத்தான் கேமராவை என் கையில் கொடுத்தார். உள்ளே பிலிம் இருந்தது. மொத்தம் முப்பத்தாறு எடுக்கலாம், எண் முப்பத்தொன்றில் நின்றது. நானே கேமரா உறை மேல் "31" என்று எழுதினேன். சங்கிலியைக் காணோம். ஆஸ்பத்திரியில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேமராவை ஆபீஸில் என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்துச் செயினில். பிலிமைக் கழுவிப் படமாக்க மனசு வரவில்லை. கழுவிவிட்டால் அவள் கடைசியாகப் பார்த்தது எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

இருபத்து நாலாம் தேதி காலை அத்தான் போன் செய்தார். குரலே சரியில்லை.

"பொடிசு அவ முகத்த மறக்குறா."

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"அம்மா மூக்கு எப்படி இருக்கும்னு கேக்குறா. கல்யாண போட்டோவக் காமிச்சா, யாரு இந்த ஆன்ட்டிங்குறா. அந்த பிலிம்ல... அவ ஒண்ணாவது இருக்காளா பாரு."

எடுத்தவளே அவள். அவள் எப்படி இருப்பாள்? ஆனாலும் போனை வைத்ததும் சாவியைக் கழற்றினேன்.

மதியம் ஒன்று பத்து. இருட்டறைக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். விளக்கை அணைத்தேன். கேமராவைத் திறந்து பிலிமை எடுத்தேன். அதை ஒரு சுருள் தட்டில் ஏற்றி, டப்பாவில் போட்டு மூட வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

ஒன்று பன்னிரண்டு இருக்கும். கை வியர்த்து, பிலிமின் ஒரு முனை நழுவிவிட்டது.

கீழே விழவில்லை.

விழுந்தால் சரசரவென்று சத்தம் வரும். வரவில்லை. என் கையில் ஒரு முனை இருந்தது. மறுமுனை... எங்கேயோ நின்றது.

டக்... டக்.

என் மேசையில். எனக்கு எதிரில்.

கை சுவிட்சுக்குப் போனது. தொட்டும் விட்டேன். அழுத்தவில்லை. வெளிச்சம் பட்டால் பிலிம் மொத்தமும் போய்விடும். பொடிசு கேட்ட மூக்கு அதில் எங்காவது இருந்தால், அதுவும் போய்விடும்.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

இழுத்தேன்.

பிலிம் நேராக வந்தது. விறைப்பாக. ஒருவர் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தால் எப்படி வருமோ, அப்படி.

நான் அழுதுகொண்டே சுருளில் ஏற்றினேன். பயத்திலா என்று கேட்டால் பயத்தில்தான். ஆனால் முழுக்கப் பயத்தில் இல்லை.

கடைசி விரற்கடை வந்ததும் பிலிம் தளர்ந்தது.

"அக்கா..." என்றேன்.



மூடியைத் திருகி விளக்கைப் போட்டேன். ஒன்று இருபத்தாறு. யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

மருந்து ஊற்றி, கழுவி, காயப்போட்டு, மூன்று மணிக்குக் கண்ணாடியை வைத்து எண்ணினேன். பொடிசு, அத்தான், மாடிப்படி, மழையில் நனைந்த செருப்பு, மறுபடி பொடிசு. முப்பத்தொன்று. அக்கா எதிலும் இல்லை. அதற்கப்புறம் பிலிம் வெறுமையாக இருக்க வேண்டும்.

முப்பத்திரண்டாவதாக ஒன்று இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். காகிதத்தில் முதலில் வந்தது கண்கள். பிறகு மூக்கு. பொடிசின் கட்டில் ஓரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்னால் மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை ஆடி, புகையாகிக் கிடந்தது. அக்கா மட்டும் தெளிவு. இமை முடி தனித்தனியாக எண்ணலாம்.

வாழ்நாளில் முதல்முறையாக அசையாமல் இருந்திருக்கிறாள்.

கன்னத்தில் சங்கிலி. அது கீழே சரிந்து கேமரா பக்கம் வந்தது. படம் எடுத்தவர் உயரம், கட்டிலைவிடக் கொஞ்சம் அதிகம்.

சரி, காய்ச்சலுக்கு முன்னால் பொடிசு எடுத்திருப்பாள், நான் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தொழில் புத்தி போகுமா? சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்தேன். இந்த பிலிமில் அதுதான் சௌகரியம், எதையும் ஒளிக்காது.

பத்தொன்பது. இதே மாதம்.

பொடிசு முன்கூட்டியே தாள்களைக் கிழித்திருப்பாள் என்றும் சொல்லிக்கொண்டேன். மனசு எப்படியெல்லாம் வக்காலத்து வாங்கும் பாருங்கள்.

ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். கட்டை விரலால் அக்காவின் நெற்றியைத் தடவினார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"அத்தான், அந்தக் காலண்டர..."

"அவ போனப்புறம் மாட்டினது. பொடிசுக்கு ஏதாவது வேலை குடுக்கணுமேன்னு பத்தாம் தேதி நான்தான் வாங்கிட்டு வந்தேன்." சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

பத்தாம் தேதி கேமரா என் இழுப்பறையில் இருந்தது.

அவர் விரல் படத்தில் கன்னத்துக்கு நகர்ந்தது.

"சங்கிலி..." என்றார். "இது அவ கையில சுத்தியிருந்துச்சு. கழட்டத் தோணல. அப்படியே... அனுப்பிட்டோம்."

அதற்குள் பொடிசு உள்ளறையிலிருந்து ஓடிவந்து படத்தைப் பிடுங்கினாள்.

"அம்மா!"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூக்கின் மேல் விரலை வைத்தாள். "இதான் அம்மா மூக்கு" என்று அப்பாவுக்குக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் எடுத்தது. நல்லா வந்திருக்கா, சித்தி?"

"எப்போடா எடுத்த?"

"அப்பா தூங்கினப்போ."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஆடாம இருக்கேன், எடுத்துக்கோன்னாங்க." கொஞ்சம் யோசித்தாள். "சங்கிலிய வச்சு அளந்தேன். ஜில்லுனு இருந்துச்சு."

அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"சங்கிலின்னா ஜில்லுனுதான் இருக்கும், கண்ணு."

"சங்கிலி இல்ல, சித்தி," என்றாள். "கன்னம்."