சாயாக்கடை ரேடியோச் சண்டை

மார்த்தாண்டம் சந்தைக்குப் போகும் ரோட்டில் ஒரு பக்கம் என் கணவரின் சாயாக்கடை, எதிர்ப்பக்கம் என் அண்ணனின் சாயாக்கடை. கூடப் பிறந்தவன் விட்டுக்கொடுப்பான் என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் கொள்ளிக்கட்டையை வைப்பேன். அண்ணன்தான் முதலில் ரேடியோ வாங்கினான். விடிந்ததும் பக்திப்பாட்டு, பிறகு செய்தி. சந்தைக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்க் குந்திக்கொண்டார்கள். நான் அவித்த புட்டு ஆறிக் கல்லாய்க் கிடந்தது.

இவர் சும்மா இருப்பாரா? அதைவிடப் பெரிய பெட்டியாக வாங்கி வந்தார். அப்போது எங்கள் கடைகளுக்குக் கரண்ட் இல்லை; கார் பேட்டரியில்தான் பாடும். கூட்டம் இங்கே திரும்பியது. அண்ணன் சத்தத்தைக் கூட்டினான், இவரும் கூட்டினார். வாடிக்கைக்காரர்களுக்குள் முதலில் ஏச்சு, அப்புறம் கிளாஸ் வீச்சு. ஒருவனுக்கு மண்டை உடைந்து எங்கள் பெஞ்சில் ரத்தம் வழிந்தது. அதைக் கழுவிவிட்டு அதே பெஞ்சில் அடுத்தவனுக்குப் பயறும் பப்படமும் வைத்தேன்.

பிறகு, மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் வந்தது. போலீஸ் அடி, துப்பாக்கிச்சூடு, ஊரெல்லாம் சாவு. அண்ணன் கடையில் திருச்சியின் தமிழ் கேட்டது, எங்கள் கடையில் திருவனந்தபுரத்தின் மலையாளம். இவருக்கு மலையாளத்தின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. திருவனந்தபுரம் பக்கம், மணிபோலக் கேட்கும். திருச்சியோ தூரம்; இரண்டு கடையிலும் தென்னையில் உயரக் கட்டியிருந்த ஏரியல் கம்பி இருந்தால்தான் வரும், அப்போதும் இரையும். "தெளிஞ்சு கேக்கியத விட்டுட்டு இரைச்சலையாட்டி வைக்கச் சொல்லுத?" என்று என்மேல் எரிந்து விழுவார். பிடிவாதம் பிடித்த மனுஷன்! ஊர் அதைத் துரோகமாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஒருநாள் காலை, சுடப்பட்டுச் செத்த ஒருவனைப் புதைத்துவிட்டு வந்த ஆட்கள் அண்ணன் கடையிலிருந்து கம்போடு இறங்கி வந்தார்கள்.

"திருச்சிய வைலே!"

இவர் பயந்துபோய்த் திருகினார். வெறும் இரைச்சல். எதிரே அண்ணனின் பெட்டியிலோ இரைச்சலுக்கு நடுவிலும் தமிழ் கேட்கிறது.

"அங்க கேக்குதுல்லா? எங்களையா கேலி பண்ணிக் களியாக்குத?"

முதல் அடி தோளில் விழுந்தது. இவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விரலில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள். கொதிக்கிற தண்ணீரை ஒருவன் மேல் ஊற்றினேன். அவன் அலறியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம்தான். அதற்குள் இன்னொருவன் பேட்டரியைத் தூக்கி மேசைமேல் ஓங்கி அடித்தான். அது பிளந்து ஆசிட் இவர் முகத்தில் தெறித்தது.

"எக்க கண்ணு! கண்ணு போச்சே!" என்று மண்ணில் உருண்டார். கூட்டம் ஓடிவிட்டது.

அண்ணன் குடத்தோடு ஓடிவந்தான். இவர் தலையை மடியில் போட்டுக் கண்ணில் தண்ணீர் ஊற்றினான், ஊற்றிக்கொண்டே அழுதான்.

"நாந்தாம்ட்டி மாப்ளைக்க ஏரியல் கம்பிய அறுத்தேன். திருச்சி எனக்க கடையில மட்டும் கேக்கட்டும்னு நேத்து அறுத்துட்டேன்."

கம்பி அறுந்தது இவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பக்கத்து ஸ்டேஷன் அது இல்லாமலே பாடுமே! பாவி, ஒரு வார்த்தை முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

அடுப்படியில் கிடந்த பித்தளைப் புட்டுக்குழலை எடுத்தேன். அண்ணனின் முதுகில் அடித்தேன், தோளில் அடித்தேன், காது கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் தடுக்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவும் இல்லை.

தன் அலறலில் இவர் காதில் அண்ணன் சொன்னது எதுவும் விழவில்லை. அண்ணனின் அழுகுரலும் அடிச்சத்தமும் மட்டும்தான் விழுந்திருக்கின்றன. கண்ணைத் திறக்க முடியாமல் கையால் துழாவி அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவன் முதுகுக்கும் என் குழலுக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுவந்தார்.

"எக்க மச்சான விடுங்கலே! அவரு ஒண்ணும் செய்யல்ல. அடிக்கணும்னா என்னைய அடிங்க!"

அண்ணன் வாய்விட்டு ஊளையிட்டான். இவர் அவனை விடவே இல்லை. "ஏட்டி, எங்கட்டி நிக்க? மச்சானக் கூட்டிக்கொண்டு ஓடு" என்று என்னைத் தேடி வேறு திசையில் கத்தினார்.