பொன்னாடைக்கு நடுவே ஒரு வயலின்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு ஆகஸ்ட் லீவு. பதுளை டவுனில் ஒரு மண்டபம். பாடசாலைப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கச்சேரி வைத்தார்கள். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற செல்லோ.

வயலினில் ஒன்றை வாசித்தது என் மகள். அவள் டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். வயலின் பாடசாலையுடையது, நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் பெற்றவள் நான் அவள் வாசித்து ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களையும் கூட்டிக்கொண்டு நமுனுகுலயிலிருந்து வந்திருந்தேன்.

வந்தால், பேச்சு! ஒருத்தர் முடித்தால் இன்னொருத்தர். பிறகு பொன்னாடை. விருந்தினருக்கு, அவர் சம்சாரத்துக்கு, உட்காரக் கதிரை கொடுத்தவருக்கு. போர்த்தப்பட்டவர் போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்தினார். அட கடவுளே! பிள்ளைகள் பாவம், மடியில் வாத்தியத்தோடு மேடையிலேயே காய்ந்தார்கள்.

ஒருவழியாகச் சுருதி சேர்த்து வில்லைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பிந்தி வந்தார் இன்னொரு பிரமுகர். வில்லை இறக்கச் சொல்லி, அவருக்கும் பொன்னாடை போட்டு, மைக்கையும் கொடுத்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கடைசி பஸ் புறப்படும் நேரம் வேறு தாண்டிவிட்டது.

அப்போது எங்கள் பஸ் கண்டக்டர் வாசலில் வந்து நின்று கத்தினார். சிங்கள ஆள், உடைந்த தமிழ்.

"நமுனுகுல போற ஆளுங்க எல்லாம் இங்கயா? பஸ்ல ஒரு ஆள் இல்ல!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என் புள்ள இன்னும் வாசிக்கவே இல்லைங்க" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். "அனே! அப்ப புள்ள வாசிக்கட்டும், பஸ் நிக்கும். ஐயா பேசினா பஸ் போயிரும்."

மண்டபமே சிரித்தது. பிரமுகர் அவசரமாக நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துத் தலையசைத்து ஆரம்பித்தார்கள். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதேன். கண்டக்டர் கடைசிவரை கதவோரம் நின்று கேட்டார்.

இன்றைக்கும் யாராவது மைக்கைப் பிடித்தால் எனக்குப் பத்திக்கொண்டுதான் வரும். கலையை வளர்க்க வேண்டும் என்று அன்று அத்தனை பேர் முழங்கினார்கள். ஆனால் பிள்ளையை வாசிக்க விடுங்கள் என்று சொன்னது அந்த ஒரு மனுசன்தான்.