அண்ணன் மகள் எடுத்த பாடம்

பதினேழு வயதில் அவள் படிப்பை நிறுத்தியவன் அண்ணன்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவன் வைத்ததே சட்டம்.

அப்போது அவள் பள்ளியில் தத்துவம் எடுத்திருந்தாள். அண்ணனுக்குப் பெண் கொடுக்கவிருந்தவர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். "பொம்பளைங்க சட்டுனு அழுதுடுவாங்க. அவங்களால கடை நடத்த முடியாது" என்று அண்ணன் அவரிடம் அளந்துகொண்டிருந்தான். காபி கொண்டுவந்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா செத்தப்ப நீயும்தான் அழுதே. கடையை நீதானேண்ணா நடத்தறே?"

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளே, "வாய் வளர்க்கிற பாடம் போதும்" என்று மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தின் முன் அவளை உட்கார்த்தினான். தண்ணீர் தெறித்துத் தெறித்து விரல்கள் வெளுத்து ஊறிப்போயின. வந்த வரன்களை எல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தான். சம்பளம் கேட்காத கையை யார் விடுவார்கள்? அவளும் எதிர்த்துப் பேசவில்லை. வஞ்சத்தை மட்டும் அடைகாத்தாள்.

வருஷங்கள் ஓடின. அண்ணன் மகள் மேல்வகுப்புக்குப் போகும் நேரம் வந்தது. கடையில் கூட்டம் என்று, பள்ளியில் சேர்க்கத் தங்கையையே அனுப்பினான் அண்ணன். எந்தப் பாடம் எடுப்பது என்று பெண் விழித்தாள்.

"தத்துவம்னு ஒண்ணு இருக்கு. ஆனா உங்கப்பாவுக்குப் பிடிக்காது" என்றாள் அத்தை. அந்த வயதுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

ஒரு வருஷம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மகள் கேட்டாள். "அத்தையை ஏம்ப்பா படிக்க விடல?"

"அவ நல்லதுக்குத்தான்."

"அது நல்லதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நான் பெரியவன். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"தாத்தா உங்களைவிடப் பெரியவர்தானே? அத்தையைப் படிக்க வைக்கணும்னு சொன்னாராமே. அவர் சொன்னது மட்டும் எப்படித் தப்பாச்சு?"

அண்ணி குனிந்துகொண்டு சிரித்தாள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அத்தை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். அப்படி ஒரு பசி.

பாத்திரம் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னை இதுல சேர்த்தது எனக்காகவா அத்தை, அப்பாவைப் பழிவாங்கவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டுக்கும்தான். பழிவாங்கத்தான் கொஞ்சம் கூடுதல்" என்றாள்.

பல நாள் அந்தப் பெண் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது சுட்டது. ஆனாலும் மகளுக்குப் பயந்து அண்ணன் கடையிலேயே சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து, அவளுக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.