ஹாலை அடைத்த காத்தாடி

மைசூரில் கடல் கிடையாது. ஆனாலும் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் கார்ல், வருடம் ஒருமுறை தனியாக ராமேஸ்வரம் போய், பெரிய காத்தாடி இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கிவிட்டு வருவார். ஐம்பத்து மூன்று வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. மனைவி ஜூடித் இறந்து ஆறு வருடமாகிறது.

திரும்பிய மறுநாள் காலை, கயிறுகளையும் பலகையையும் மொட்டைமாடியில் நல்ல தண்ணீரில் அலசுவார். உப்பு தங்கினால் கொக்கிகள் துருப்பிடித்துவிடும். காத்தாடித் துணியை வெயில் படாமல் நிழலில் உலர்த்துவார். கடைசியாகக் காற்றுச் சோதனை. காத்தாடியின் விளிம்பிலுள்ள நீளக் குழாயில் பம்பால் காற்றடித்து ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். தொய்ந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

இந்த முறை மாடியில் காற்று பலமாக இருந்ததால் ஹாலில் வைத்தார். அது சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு நின்றது. சமையலறைக்குக் குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தள்ளேன்!" என்று எரிச்சலோடு சொன்னவர், தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். அந்த வீட்டில் அவர் யார்மேலாவது எரிந்துவிழுந்து ஆறு வருடமாயிற்று.

நான்காம் நாள் கீழ்வீட்டு ஸுஷ்மா கூரியர் கவரைக் கொடுக்க வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் காத்து இறங்கலியே சார். ஓட்டை இல்லைன்னா மடிச்சு வெச்சிடலாமே?"

"இல்லம்மா, இன்னும் ஸ்வல்ப நாள் பாக்கணும்."

கதவைச் சாத்தினார். "எத்தனை தடவை சொல்றது, தள்ளு," என்றபடி குனிந்து சமையலறைக்குப் போனார்.